மலையகச் சிறுவர் கல்வியும் பல்கலைக்கழக மாணவர் தொண்டும்: ஒரு மறுபரிசீலனை

ஆண்டுதோறும் பரீட்சைக் காலம் நெருங்கும்போது பல்கலைக்கழக மாணவர் அமைப்புக்கள் பல மலையகத்துப் பாடசாலைகளை நாடிச் செல்கின்றன. பஸ் ஒன்று வாடகைக்கு அமர்த்தப்படுகின்றது; மாதிரி வினாத்தாள்கள் அச்சிடப்படுகின்றன; நலன்விரும்பிகளிடம் திரட்டிய பணத்தில் அப்பியாசக் கொப்பிகள் வாங்கப்படுகின்றன. இரண்டு நாட்கள் கருத்தரங்கு நடைபெறுகின்றது. அதிபர் வரவேற்புரை நிகழ்த்துகின்றார். வந்தவர்களுக்குப் பொன்னாடை போர்த்தப்படுகின்றது. கொப்பிகள் வழங்கப்படும் காட்சி புகைப்படமாகின்றது. மூன்றாம் நாள் பஸ் திரும்பிவிடுகின்றது. அதன் பின்னர் அவ்வமைப்பின் ஆண்டறிக்கையில், பின்தங்கிய பிரதேச மாணவர்க்கான கல்விப் பணி என்னும் தலைப்பின் கீழ்ச் சில வரிகள் இடம்பெறுகின்றன.

இப்பணியில் ஈடுபடும் இளைஞரின் நல்லெண்ணத்தை ஐயுறுதற்கு இடமில்லை. தமது விடுமுறையையும் கைப்பணத்தையும் செலவிட்டே அவர்கள் மலையேறுகின்றனர். உயர்தரப் பரீட்சையின் வாயிலில் நிற்கும் மாணவர் சிலர்க்கு இக்கருத்தரங்குகள் ஓரளவு உதவுகின்றன என்பதையும் மறுக்கவேண்டியதில்லை. ஆயினும் மண்டபத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளை ஏற்கெனவே பல தடைகளைத் தாண்டி வந்த பிள்ளை என்பது நினைவிற் கொள்ளப்படல் வேண்டும். எட்டாந் தரத்திலோ ஒன்பதாந் தரத்திலோ பாடசாலையை விட்டு நீங்கி, கொழும்பில் ஒரு கடையிலோ வீட்டிலோ வேலைக்கமர்ந்துவிட்ட பிள்ளை அம்மண்டபத்துக்கு வருவதில்லை. அப்பிள்ளையின் தாய் தந்தையரும் வருவதில்லை. எவருடைய பெயரால் இப்பணி நடத்தப்படுகின்றதோ அவர்களே அதில் இடம்பெறாமற் போவது எவ்வளவு பெரிய முரண்பாடு!

இக்கட்டுரை வலியுறுத்த விழையும் கருத்து ஒன்றே. வறிய பிள்ளைக்கு வேண்டியது நீண்டகாலம் உடனிருக்கும் வழித்துணை. வழித்துணை என இங்குக் குறிக்கப்படுவது, கல்வியின் பாதையை ஓரளவு நடந்தறிந்த மூத்தவர் ஒருவர், அப்பாதையை அறியாத குடும்பமொன்றின் பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் உற்றவராக நின்று உதவுதலாகும். அத்துணை பெற்றோரைப் புறத்தே நிறுத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் பற்றிக்கொள்ளுமாயின் அது நிலைக்காது. நீடித்திருத்தல், பெற்றோரையும் உட்கொள்ளல் ஆகிய இவ்விரு நிபந்தனைகளையும் நிறைவேற்ற இயலாத தொண்டு தொடங்கப்படாமலிருப்பதே பிள்ளைக்கு நன்று.

வரலாறு ஆக்கிய குறை

தோட்டப்புறச் சிறுவரின் கல்விக் குறைபாடு வரலாற்றினால் ஆக்கப்பட்டது. 1867 ஆம் ஆண்டில் கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தகப் பயிராகத் தேயிலையை நட்ட காலந்தொட்டு, தோட்டம் வேண்டி நின்றது கையின் உழைப்பை மாத்திரமே. 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குதலைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கியது. கடமை சட்டத்தில் இருந்தது. நடைமுறையிலோ ஓர் அறையும் ஓர் ஆசிரியருமே பல தோட்டங்களிற் பாடசாலை எனப்பட்டன. பெயரெழுதவும் கணக்கை விரல்விட்டு எண்ணவும் அறிந்த தொழிலாளி தோட்டத்துக்குப் போதுமானவனாயிருந்தான்.

1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது, நாட்டின் ஏனைய பகுதிகளிற் பிறந்த ஏழைப் பிள்ளைகளுக்குத் திறந்த கதவு தோட்டத்துப் பிள்ளைக்குத் திறக்கவில்லை. மூன்றாண்டுகளின் பின்னர், 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அப்பிள்ளைகளின் பெற்றோரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கிற்று. 1964 ஆம் ஆண்டின் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இரு கரைகளுக்கும் பங்கிட்டது. 1975 இல் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டு, 1977 முதற் படிப்படியாகத் தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. இலவசக் கல்வி தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 5 முதல் 14 வயது வரையான கல்வி 1998 இற் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வெல்லை 2016 இல் 16 வயதாக உயர்த்தப்பட்டது. எஞ்சிய நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறிற்று.

இவ்வாண்டுகளை வெறும் பட்டியலாக வாசித்தல் தவறாகும். இவை ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளை விளக்குவன. இன்று ஐந்தாந் தரத்திற் கற்கும் சிறுமியின் பாட்டி சிறுமியாய் இருந்த காலத்தில், அத்தோட்டத்துப் பாடசாலை அரசாங்கப் பாடசாலையாகவே இருக்கவில்லை. தாய் கற்ற காலத்திற் பாடசாலை ஐந்தாந் தரத்துடன் அல்லது எட்டாந் தரத்துடன் முடிவுற்றிருத்தல் கூடும். எனவே அச்சிறுமி பத்தாந் தரத்தை அடையும்போது, அக்குடும்பத்தில் எவரும் முன்னர் நடந்திராத நிலத்தில் அவள் தனித்து அடிவைக்கின்றாள். கருத்தரங்கு நடத்துவோர் அவளுக்கு வினாத்தாளை விளக்குகின்றனர். அவள் நிற்கும் நிலத்தை விளக்குவார் எவருமிலர்.

எழுதப்படாத பாடத்திட்டம்

படித்த குடும்பத்துப் பிள்ளை இராப்போசன வேளையிற் பெற்றுக்கொள்ளும் அறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை. பாடசாலைகளுள் 1ஏபி, 1சி, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என்னும் பாகுபாடு உண்டு என்பதும், 1ஏபி பாடசாலையில் மட்டுமே உயர்தர விஞ்ஞானப் பிரிவு உண்டு என்பதும், இரண்டாம் வகைப் பாடசாலை பதினோராந் தரத்துடன் முடிந்துவிடும் என்பதும் அக்குடும்பத்துக்குச் சாதாரண செய்திகள். தோட்டத் தொழிலாளியான தாய்க்கு இவற்றை எடுத்துரைப்பவர் யார்? தன் மகள் கற்கும் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவே இல்லை என்பதை, வைத்தியராக வேண்டும் என்று மகள் ஆசைப்பட்டுப் பல ஆண்டுகள் சென்ற பின்னரே அத்தாய் அறிய நேர்கின்றது.

இன்னும் பல உள. சாதாரண தரத்துக்குத் தெரிவுசெய்யும் பாடங்கள் உயர்தரத்தில் எக்கதவைத் திறக்கும், எதனை அடைக்கும் என்பது ஒன்று. ஒருமுறை கணிதத்திற் சித்தியடையாவிட்டால் மீண்டும் தோற்றலாம் என்பது மற்றொன்று. பிறப்பத்திரத்திலும் பாடசாலைப் பதிவேட்டிலும் பெயர் இருவேறு விதமாக எழுதப்பட்டிருப்பின் அதனை உரிய காலத்தில் திருத்தவேண்டும் என்பது பிறிதொன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை எவ்வாறு வாசிப்பது, பாடநெறிகளை எவ்வொழுங்கில் விண்ணப்பத்திற் குறிப்பது, இசட் புள்ளி என்பது யாது, மகாபொலப் புலமைப்பரிசிலுக்கு எவ்வாறு விண்ணப்பிப்பது, உயர்தரத்துக்குச் செல்லாத பிள்ளைக்குத் தொழிற்பயிற்சியில் என்ன வழிகள் உண்டு என்பனவும் இத்தகையனவே. இவற்றுட் பல படிவங்களிலும் கடிதங்களிலும் உள்ளன. அக்கடிதங்களோ சிலவேளைகளில் பெற்றோர் வாசிக்க இயலாத மொழியில் வீட்டுக்கு வருகின்றன.

நுவரெலியா, பதுளை ஆகிய மாவட்டங்கள் பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டங்களாகக் கணிக்கப்படுகின்றன. இதனைச் சுட்டி, மலையகத்துக்கு அரசாங்கம் போதிய சலுகை வழங்கியிருப்பதாக வாதிடுவோர் உளர். ஆனால் மாவட்டம் என்பது நகரத்தின் வசதிமிக்க பாடசாலையையும் மலையுச்சியிலுள்ள தோட்டப் பாடசாலையையும் ஒருங்கே அடக்கியது. அச்சலுகையைப் பயன்படுத்தும் வல்லமை, மேலே கூறிய எழுதப்படாத பாடத்திட்டத்தை அறிந்தோர் கையிலேயே உள்ளது. சலுகை தோட்டத்து லயம் வரை தானாக நடந்து செல்வதில்லை. அதனைக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோர் தேவை. இரண்டு நாள் கருத்தரங்கால் இது இயலாது. பிள்ளையின் பெயரையும் வீட்டையும் நிலைமையையும் அறிந்த ஒருவர், முடிவெடுக்கவேண்டிய வேளைதோறும் அருகில் இருந்தாலன்றி இவ்வறிவு கைமாறாது.

பெற்றோர் மீதான குற்றச்சாட்டு

தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் கல்வியில் அக்கறையில்லை என்னும் கூற்று ஆசிரியர் அறைகளிலும் மாணவர் சங்கக் கூட்டங்களிலும் ஒரு பழமொழி போல வழங்குகின்றது. தந்தையர் குடிக்கின்றனர், தாய்மார் பெற்றோர் கூட்டத்துக்கு வருவதில்லை, திருவிழாவுக்குச் செலவிடும் பணத்தைப் படிப்புக்குச் செலவிடுவதில்லை என்பன இக்கூற்றுக்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. மது சில குடும்பங்களைச் சீரழித்திருப்பது உண்மையே. ஆனால் ஒரு சமூகம் முழுவதன் மீதும் சுமத்தப்படும் குற்றச்சாட்டு வேறு சான்றுகளை வேண்டி நிற்கும்.

பெற்றோர் கூட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். அது வாரநாளில், முற்பகலில் கூட்டப்படுகின்றது. கொழுந்தெடுக்கும் தாய் அவ்வேளையில் மலையில் நிற்கின்றாள். கூட்டத்துக்குச் செல்வாளாயின் அன்றைய பேர் அவளுக்கு விழாது. தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாட்கூலி. நாட்கூலி 1000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டதே பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னர், 2021 ஆம் ஆண்டில்தான். வேலைக்கு வரும் நாட்களின் தொகையைக் கொண்டு மேலதிகக் கொடுப்பனவு கணிக்கும் முறையும் 2019 வரை கூட்டு ஒப்பந்தங்களில் இருந்தது. அக்காலத்தில் ஒரு நாள் வராமை அந்நாளின் கூலியோடு முடிவதாயில்லை. கல்வித் திணைக்கள உத்தியோகத்தர் ஒருவர் தம் மகனின் பாடசாலைக் கூட்டத்துக்குச் செல்லச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை பெறுகின்றார். தோட்டத்துத் தாய் தன் மகளின் கூட்டத்துக்குச் செல்லக் குடும்பத்தின் ஒருநாள் உணவை விலையாகக் கொடுக்கவேண்டியிருக்கின்றது. இவ்விருவரது அக்கறையையும் ஒரே வருகைப் பதிவேட்டால் அளப்பது எவ்வகை நீதி?

கூட்டத்துக்கு வரும் பெற்றோர் அங்கு எதைப் பெறுகின்றனர் என்பதும் கேட்கத்தக்கது. பிள்ளை அழுக்காக வருகின்றது, வீட்டுப்பாடம் செய்வதில்லை, வசதிக் கட்டணம் கட்டப்படவில்லை என்னும் குறைகளின் பட்டியல் அவர்களிடம் வாசிக்கப்படுகின்றது. பிள்ளையின் படிப்பில் என்ன தேர்ச்சி, என்ன தடை, வீட்டில் என்ன செய்யலாம் என்று அவர்களோடு இருந்து பேசுவோர் அரியர். அவமானப்படுவதற்கென ஒருநாட் கூலியை இழக்க மறுப்பதை அக்கறையின்மை எனக் கொள்ளலாகாது. அதே பெற்றோர்தாம் காதணியை அடகுவைத்தும், சீட்டுப் பணத்தை எடுத்தும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான தனியார் வகுப்புக்குப் பணம் கட்டுகின்றனர். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டுக் கல்வி கைத்தொலைபேசிக்கு மாறியபோது, கடன்பட்டுத் தொலைபேசி வாங்கியோரும், அலைத்தொடர்பு கிட்டும் மேட்டுக்குப் பிள்ளையை அழைத்துச் சென்றோரும் இவர்களே. அக்கறை இருக்கின்றது, அதனை எத்திசையிற் செலுத்துவது என்பதை எடுத்துரைக்கும் துணையே இல்லை.

ஆகவே பெற்றோரைத் தடையாகக் கருதி, அவர்களிடமிருந்து பிள்ளையை மீட்பதே தன் பணி என எண்ணும் தொண்டர் முதலிலேயே வழி தவறிவிடுகின்றார். பிள்ளை பத்தாந் தரத்தில் படிப்பை நிறுத்துவதா, தொடர்வதா என்னும் முடிவு லயத்தின் அடுப்படியில் எடுக்கப்படுகின்றது. அங்கு நுழைய அனுமதி பெறாத தொண்டர், பாடசாலை மண்டபத்தில் எவ்வளவு சிறப்பாக விரிவுரையாற்றினும் அம்முடிவை மாற்ற இயலாது.

பிறநாட்டு அனுபவங்கள் கூறுவன

நல்லெண்ணத்துடன் செய்யப்படும் எதுவும் தீங்கு செய்யாது என்னும் நம்பிக்கை தொண்டர்களிடையே வேரூன்றியுள்ளது. வேறு நாடுகளில் இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கின்றது, முடிவுகள் சிந்திக்கத்தக்கவை.

ஐக்கிய அமெரிக்காவில், வயதுவந்த தொண்டர் ஒருவரை ஒரு சிறுவருடன் இணைத்துவிடும் 'பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ்' என்னும் அமைப்பு 1904 முதல் இயங்கி வருகின்றது. அதன் சிறுவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றி ஜீன் குரொஸ்மன், ஜீன் ரோட்ஸ் ஆகியோர் 2002 இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் முக்கியமானது. ஓராண்டுக்கு மேல் நீடித்த துணையே சிறுவர்க்கு மிகுந்த பயன் தந்தது. மூன்று மாதங்களுக்குள் அறுந்துபோன துணையாலோ அச்சிறுவரின் தன்மதிப்பும், படிப்பில் தம்மால் இயலும் என்ற நம்பிக்கையும் முன்னிருந்ததிலும் குறைந்தன. காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. வாழ்க்கையிற் பலராலும் கைவிடப்பட்ட பிள்ளைக்கு, மேலும் ஒருவர் வந்து மேலும் ஒருமுறை கைவிட்டுச் செல்லுதல், குறை தன்னிடமே இருக்கின்றது என்பதற்கான அத்தாட்சியாகத் தோன்றுகின்றது. மீண்டும் வருவோம் என்று மேடையிற் கூறிவிட்டு வராமற்போன அண்ணன்மாரையும் அக்காமாரையும் மலையகத்துப் பிள்ளைகள் எத்தனை பேரை அறிவர் என்பதைச் சங்கங்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நீடித்திருந்தால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிடலாகாது. மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் கேம்பிரிஜ், சமர்வில் ஆகிய நகரங்களில் 1939 முதல் 1945 வரை நடைபெற்ற இளைஞர் ஆய்வில் 506 சிறுவர் சேர்க்கப்பட்டனர். ஒத்த நிலையிலுள்ள இருவர் இருவராக இணைக்கப்பட்டு, ஒருவருக்கு ஆலோசகரின் துணையும் உதவிகளும் வழங்கப்பட்டன, மற்றவருக்கு வழங்கப்படவில்லை. துணை சராசரியாக ஐந்தாண்டுகள் நீடித்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் பின்னர் ஜோன் மக்கோட் அவர்களைத் தேடிக் கண்டறிந்து 1978 இல் வெளியிட்ட முடிவு அதிர்ச்சி தருவதாயிருந்தது. துணை பெற்றோர் பெறாதோரை விட எவ்விதத்திலும் மேம்படவில்லை. மது, மனநோய், மீண்டும் குற்றமிழைத்தல் முதலிய சிலவற்றில் மோசமான நிலையிலேயே இருந்தனர். ஆயினும் உதவி பெற்றோரில் மூன்றிலிரு பங்கினர் அத்திட்டம் தமக்கு நன்மை செய்தது என்றே கூறினர். பயனாளியின் நன்றியுரையைப் பயனுக்குச் சான்றாகக் கொள்வோர் இதனை ஆழ்ந்து நோக்குவாராக. கருத்தரங்கின் இறுதியில் மாணவத் தலைவர் நிகழ்த்தும் நன்றியுரை, நன்றியைத் தவிர வேறெதனையும் நிரூபிப்பதில்லை.

இவற்றுக்கு மாறான அனுபவம் ஜமெய்க்காவிற் கிடைத்தது. 1986, 1987 ஆம் ஆண்டுகளில், கிங்ஸ்ரன் நகரின் வறிய பகுதிகளில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளின் குடும்பங்கள் தெரிவுசெய்யப்பட்டன. சமூக சுகாதார உதவியாளரான பெண்கள் வாரந்தோறும் ஒரு மணி நேரம் வீடுகளுக்குச் சென்று, குழந்தையுடன் எவ்வாறு பேசுவது, விளையாடுவது என்பவற்றைத் தாய்மார்க்குக் காட்டினர். இரண்டாண்டுகள் இது நடைபெற்றது. விளையாட்டுப் பொருட்கள் வீட்டில் எளிதிற் செய்யக்கூடியவையே. இருபதாண்டுகளின் பின்னர், அக்குழந்தைகள் வளர்ந்து ஈட்டிய வருமானம், அத்துணை பெறாத ஒத்த குழந்தைகளின் வருமானத்திலும் 25 சதவீதம் கூடியிருந்ததாக 2014 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. ஊட்டமா மட்டும் வழங்கப்பட்ட குழந்தைகளிடம் அத்தகைய நெடுங்காலப் பயன் காணப்படவில்லை. பொருள் தீர்ந்தது, தாயிடம் சேர்ந்த அறிவு நிலைத்தது. கொப்பி வழங்குவோர்க்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

ஜமெய்க்காவின் கைக்குழந்தைகளுக்குச் செய்ததை மலையகத்தின் பத்தாந் தரத்துக்கு அப்படியே பெயர்த்தல் இயலாது. ஆயினும் ஒழுங்காக, நெடுங்காலம், வீட்டுக்குச் சென்று, பெற்றோரின் கைகளிலேயே ஆற்றலைச் சேர்ப்பித்தல் என்னும் அடிப்படை எங்கும் பொருந்துவதே.

மறுப்புகளும் விடைகளும்

முற்போக்குச் சிந்தனையுடைய மாணவரிடமிருந்து ஒரு வலுவான மறுப்பு எழுவதுண்டு. ஆசிரியர் நியமித்தலும் விஞ்ஞானகூடம் கட்டுதலும் அரசாங்கத்தின் கடமை. தொண்டர் அவ்விடத்தை நிரப்ப முனைவது அரசாங்கத்தைப் பொறுப்பிலிருந்து தப்பவைப்பதாகும். அமைப்பு மாறாதவரை தனிமனித உதவி புண்ணின் மேற் பூசிய வாசனைத் தைலமே என்பது அவர்களது வாதம். இவ்வாதத்தின் பாதி உண்மை. கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைக்குப் பல்கலைக்கழக மாணவர் ஆண்டில் இரு நாட்கள் சென்று கணிதம் கற்பிப்பது, வெற்றிடத்தை மறைக்கும் திரையாகவே அமையும். அத்தகைய தொண்டை எதிர்ப்பதில் அவர்கள் முற்றிலும் சரியே.

ஆனால் கோரிக்கையை எழுப்புவோர் யார் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. தன் பிள்ளையின் பாடசாலையில் எத்தனை ஆசிரியர் இருத்தல் வேண்டும், எத்தனை பேர் இருக்கின்றனர், குறையை எவரிடம் எழுத்தில் முறையிடுவது என்பதை அறியாத பெற்றோர் எக்கோரிக்கையை முன்வைப்பர்? கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் தோட்டத் தொழிலாளரிடையே பணியாற்றிய காலத்தில், தோட்டத்துக்குள் அந்நியர் நுழைவதே தடுக்கப்பட்டிருந்தது. புடவை வியாபாரியின் தோற்றத்தில் நடேசய்யர் தோட்டங்களுக்குட் சென்றார் என்பது வரலாறு. 1931 இல் அட்டனில் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்தார். மீனாட்சியம்மை பாடல்களால் தொழிலாளரின் உரிமைகளை அவர்களுக்கே எடுத்துரைத்தார். சட்டத்தைத் தொழிலாளியின் மொழியில் தொழிலாளிக்கு விளக்குதலே அவர்களது பணியின் தொடக்கமாயிருந்தது. பெற்றோரை உட்கொண்ட வழித்துணை அம்மரபின் தொடர்ச்சியாகும். பெற்றோரைத் தவிர்க்கும் தொண்டுதான் உண்மையில் அரசாங்கத்துக்கு வசதியானது. ஏனெனில் அது எவரையும் கேள்வி கேட்கப் பழக்குவதில்லை.

இரண்டாவது மறுப்பு, மலையகத்திலிருந்தே பல்கலைக்கழகம் புகுந்தோரிடமிருந்து வருகின்றது. லயத்திற் பிறந்து மண்ணெண்ணெய் விளக்கிற் படித்து முன்னேறிய தாமே போதிய எடுத்துக்காட்டு. தமது கதையைக் கேட்டாலே பிள்ளைகள் ஊக்கம் பெறுவர் என்பர். எடுத்துக்காட்டு ஊக்கம் தரும், ஐயமில்லை. ஆனால் முயன்றால் முடியும் என்று ஒருவர் மேடையிற் கூறும்போது, முடியாமற்போனோர் முயலாதோர் என்னும் முடிவும் சொல்லாமலே சொல்லப்படுகின்றது. அவரது வகுப்பிற் கற்று இடையில் நின்றோரின் கதை அம்மேடையில் ஒலிப்பதில்லை. ஆசிரியர் ஒருவர் தனித்து அக்கறை கொண்டமையோ, மாமன் ஒருவர் நகரத்தில் தங்க இடம் கொடுத்தமையோ தமது வெற்றிக்குத் துணைநின்றதை அவரே மறந்துவிடுகின்றார். தாம் பெற்ற அத்துணையை மற்றொரு பிள்ளைக்குத் தாமே வழங்குவாராயின், அது நூறு மேடைப் பேச்சுக்களிலும் உயர்ந்தது. தோட்டத்தின் மொழியையும் வழக்கையும் அறிந்த அவரே அப்பணிக்கு மிகப் பொருத்தமானவருமாவார்.

நேரமில்லை என்பது மூன்றாவது மறுப்பு. பரீட்சைகள், வேலைநிறுத்தங்கள், மூடப்படும் பல்கலைக்கழகம் ஆகியவற்றிடையே ஓராண்டுக்கு எவ்வாறு வாக்களிப்பது என்று கேட்கப்படுகின்றது. இது நேர்மையான கேள்வி. வாக்களிக்க இயலாதோர் வாக்களிக்காதிருத்தலே இதற்கு விடை. ஐந்நூறு பிள்ளைகளுக்கு இரண்டு நாட்கள் வழங்கும் சங்கம், ஐந்து பிள்ளைகளுக்கு இரண்டு ஆண்டுகளை வழங்கலாம். தொகை சுருங்கும், ஆண்டறிக்கையின் அழகு குறையும். பிள்ளைக்கு அதனால் நட்டமில்லை.

செய்யத்தக்கன

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களிடம் பெரும் நிதியோ கட்டடமோ இதற்கென வேண்டப்படவில்லை. முதலாவதாக, ஒரு சங்கம் தனக்கு அண்மையிலுள்ள ஒன்றிரண்டு தோட்டங்களைத் தெரிவுசெய்து, பிற தோட்டங்களை நாடாது அவற்றிலேயே பல்லாண்டுகள் நிலைத்தல் வேண்டும். பேராதனைக்கு மாணவர் குடிபெயர்ந்த 1952 முதலே அவ்வளாகம் தேயிலை மலைகளின் நடுவில் இருக்கின்றது. ஒரு பஸ் பயணத்தில் எட்டக்கூடிய இடங்களே அவை. முதலாம் ஆண்டின் இறுதியிற் பணியேற்கும் மாணவர், தமது இறுதியாண்டுக்கு முன்னர் அடுத்தவரை அழைத்துச் சென்று, பெற்றோரின் முன்னிலையில் அறிமுகப்படுத்திப் பொறுப்பை ஒப்படைத்தல் வேண்டும். சொல்லாமல் மறைந்துபோதல் பெருந்தவறாகக் கருதப்படல் வேண்டும்.

இரண்டாவதாக, சந்திப்பின் வேளையைத் தொழிலாளியின் நாளே தீர்மானித்தல் வேண்டும். மாலைக் கொழுந்து நிறுக்கப்பட்ட பின்னரோ ஞாயிற்றுக்கிழமையிலோ சந்திப்பு அமையட்டும். பிள்ளைக்கு ஒரு மணி நேரமெனில் பெற்றோருக்கு அரை மணி நேரமாவது ஒதுக்கப்படல் வேண்டும். வந்த கடிதத்தை வாசித்துக் காட்டல், படிவத்தை உடனிருந்து நிரப்புதல், அடுத்த முறை அவர்களே நிரப்புமாறு பழக்குதல், பாடசாலைக்குச் செல்லும்போது உடன்செல்லல் என்பன அவ்வரை மணியின் பணிகள். பெற்றோர் அறிந்தவற்றைக் கேட்டறிதலும் அதில் அடங்கும். பிள்ளையின் சுபாவத்தையும் உடல்நிலையையும் தாயினும் அறிந்தார் யார்?

மூன்றாவதாக, பிள்ளையின் பாதுகாப்பு. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கான சட்டம் 1998 இலேயே நிறைவேற்றப்பட்டது. ஆயினும் தொண்டர் அமைப்புக்கள் பலவற்றில் எழுதப்பட்ட விதிகள் இல்லை. பெற்றோர் அறிய, பிறர் காணும் இடத்திலேயே சந்திப்பு நிகழ்தல் வேண்டும். பிள்ளையின் முகமும் வறுமையும் விளம்பரமாதல் கூடாது. கொப்பி பெறும் சிறுமியின் புகைப்படம் எவருடைய நலனுக்காக எடுக்கப்படுகின்றது என்ற கேள்விக்கு நேர்மையான விடை கூறுவோர் அதனை எடுக்கமாட்டார்.

கற்றோர் தாம் பெற்ற கல்விக்கு நாட்டின் உழைப்பாளருக்குக் கடன்பட்டவர்கள் என்று மேடைகளில் அடிக்கடி கூறப்படுகின்றது. இலங்கையின் இலவசப் பல்கலைக்கழகக் கல்வியைத் தாங்கிய ஏற்றுமதி வருமானத்திற் பெரும்பங்கு பல தசாப்தங்களாகத் தேயிலையிலிருந்தே வந்தது என்பதை நோக்குமிடத்து, இக்கடன் வெறும் அணிவாக்கியமன்று. கடன் தீர்ப்பவர் கொடையாளியின் தோரணையில் வருதல் தகாது. பொன்னாடையை எதிர்பார்த்தலும் தகாது.

எனவே அடுத்த ஆண்டறிக்கையைத் தயாரிக்கும் செயலாளர்கள், எத்தனை பாடசாலைகளுக்குச் சென்றோம், எத்தனை கொப்பிகள் வழங்கினோம் என்னும் வரிகளை நீக்கிவிட்டு, வேறு இரு கேள்விகளுக்கு விடையெழுதுவாராக. கடந்த ஆண்டு துணையேற்ற பிள்ளைகளுள் எத்தனை பேருடன் இன்றும் தொடர்பு உண்டு? அவர்களது பெற்றோருள் எத்தனை பேரைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியும்? இவ்விரு கேள்விகளுக்கும் எழுத விடையில்லையாயின், அவ்வாண்டு வாடகைக்கு அமர்த்திய பஸ்ஸைத் திருப்பி அனுப்பிவிடுதல் நன்று.